பிஜி நைசெரேலாங்கி தேவாலயம்: கறுப்பு இயேசுவின் பக்கத்தில் மாடு எதற்கு?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 2

"பிஜியில் ஏதோ ஒரு குன்றின் மேல் பழைய மிஷனரி சர்ச். உள்ளே பீடத்துக்குப் பின்சுவர் முழுக்க ஓவியம். இயேசு கறுப்பாக இருக்கிறார். ஒரு இந்தியப் பெண் மாலை எடுத்து வருகிறாள், ஒரு இந்தியன் மாடுகளோடு வருகிறான். வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் 'உங்கள் ஊர் முகத்தோடு இயேசு' என்று எல்லா நாட்டிலும் செய்த விளம்பரம்தானே இது? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

மார்ச் 2, இரவு

நான் பிஜியில் லவுட்டோக்கா நகரில் கணக்கு வேலை பார்த்தவன். அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது நைசெரேலாங்கி, புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம். விட்டி லெவு தீவின் வடகிழக்கில் ரா மாகாணம். கிங்ஸ் ரோட்டில் ராக்கிராக்கி ஊரைத் தாண்டித் தலைநகர் சுவா பக்கம் போகும் வழி.

"சங்கத்துக்கு அப்புறம்" என்ற இடம் மட்டும் நிற்காது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகக் கத்தோலிக்க ஆயர்களின் மாநாடு, கூடியது 1962 அக்டோபர் 11. ஓவியர் ஜான் ஷார்லோ இந்தச் சுவரைத் தீட்டியது 1962 கடைசியிலும் 1963 தொடக்கத்திலும். வழிபாடு பற்றிச் சங்கம் வெளியிட்ட ஆவணம் வந்ததே 1963 டிசம்பரில். அதாவது ரோமில் ஆயர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்த நேரத்திலேயே இங்கே சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது. யாரும் மேலிருந்து உத்தரவு போட்டு வரைந்த படம் இல்லை.

விளம்பரமா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம்.

மார்ச் 3

படத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

நடுவில் சிலுவை. இயேசுவின் மேனி கறுப்பு. வெயிலில் கறுத்த வெள்ளைக்காரனாக இல்லாமல் பிஜிக்காரனின் கறுப்பே. இடுப்பில் மாசித் துணி. மாசி என்பது காகித மல்பெரி மரப்பட்டையை உரித்து, ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி மெல்லிசாக்கி, அதன்மேல் கறுப்பிலும் செம்பழுப்பிலும் அச்சு வைப்பது. கல்யாணம், சாவு, தலைவர் பட்டம் எதுவும் அது இல்லாமல் நடக்காது. காலடியில் தனோவா, யங்கோனா என்ற வேர்ப் பானத்தைக் கலக்கும் மரக்கிண்ணம்.

ஒரு பக்கம் பூர்வகுடி பிஜியர்கள். கையில் பாய்கள், தம்புவா. தம்புவா என்றால் திமிங்கிலப் பல், தென்னை நாரில் முறுக்கிய கயிறு கோத்தது. மறு பக்கம் இந்தியர்கள். அந்தப் பெண் மாலையோடு, அந்த ஆள் மாடுகளோடு.

புனித பீட்டர் ஷானெலும் உண்டு, தன்னைக் கொன்ற தடியைத் தானே பிடித்துக்கொண்டு. மரிய சபைக் குரு. 1841 ஏப்ரல் 28-ல் ஃபுதுனா தீவில் கொல்லப்பட்டார். அந்தத் தீவின் ராஜாவுடைய மகன் ஞானஸ்நானம் கேட்டதுதான் காரணம். 1954-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பசிபிக்கின் முதல் மறைசாட்சி அவர்தான்.

பக்கவாட்டுப் பீடங்களில் இன்னும் இரண்டு ஓவியங்கள்: சூசையப்பரின் தச்சுப் பட்டறையும் மங்கள வார்த்தையும் (மரியாளிடம் வானதூதர் சேதி சொல்லும் காட்சி). எல்லோரும் நடுப்படத்தையே பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் தடவை ஒழுங்காகப் பார்க்கவில்லை, வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 3, மாலை

"ஷார்லோ யார், பிரெஞ்சுக்காரனா மெக்சிகோக்காரனா?"

இரண்டும், கூடவே ஹவாயும். 1898-ல் பாரிஸில் பிறந்தார். அம்மா வழியில் மெக்சிகோ ரத்தம். 1920-களின் தொடக்கத்தில் மெக்சிகோ போய் டியேகோ ரிவேராவோடு வேலை செய்தார். அந்தப் புகழ்பெற்ற சுவரோவிய இயக்கத்தில் ஈரச் சுண்ணாம்பில் முதலில் ஓவியம் முடித்தவர்களில் ஒருவர். 1949-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு சுவர் தீட்டப் போனவர் அங்கேயே வாத்தியாராகத் தங்கிவிட்டார். 1979-ல் இறந்தார். ரிவேராவின் கூட்டத்தில் பலர் கடவுள் இல்லை என்பவர்கள். இவர் ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர்.

மார்ச் 5

இனி வரப்போவதை முதலில் கேட்டபோது நானே நம்பவில்லை.

ஷார்லோவை இந்தக் குன்றுக்கு வரவழைத்த பங்குச் சாமியார் பெயர் ஃப்ரான்ஸ் வாஸ்னர், ஆஸ்திரியாக்காரர். ட்ராப் குடும்பப் பாடகர் குழு தெரியும் அல்லவா? நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய், ஊர் ஊராகப் பாடிய குடும்பம். அவர்கள் கதையை வைத்து 1965-ல் ஹாலிவுட்டில் படம் வந்தது, நம் ஊர் கான்வென்ட் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்கு இன்னமும் அந்தப் பாட்டுகள்தான். அந்தக் குழுவுக்கு இசை சொல்லிக்கொடுத்து, மேடையில் நடத்தியவர் இந்த வாஸ்னர் சாமியார். சினிமாவில் அவர் இல்லவே இல்லை. அவருக்குப் பதில் ஒரு கச்சேரி ஏற்பாட்டாளரை வைத்துவிட்டார்கள்.

1950-களின் நடுவில் குழு கலைந்ததும் வாஸ்னர் மிஷன் வேலைக்கு பசிபிக் வந்தார். நைசெரேலாங்கியில் சில வருஷம். அப்புறம் ரோமில் ஜெர்மன் மொழிக்காரர்களின் கல்லூரிக்கு அதிபர். உலகம் முழுக்க அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்து அழுவதற்கு முன்பே, நிஜமான ஆள் ராக்கிராக்கிப் பக்கம் சுவருக்குச் சுண்ணாம்பு ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறார்.

என் மனைவிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லுவாள். சர்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் தெரியாது.

மார்ச் 6

நாகர்கோவில் நண்பர் கேட்கிறார்: "எங்கள் கோட்டாறு சவேரியாரா அங்கே இருக்கிறார்?"

அவரேதான். அவர் பிஜிக்கு வந்ததில்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர், மலாக்கா, ஜப்பான் என்று போய் 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையோரத் தீவில் இறந்தார். அப்போது ஐரோப்பியர் யாரும் பிஜியைப் பார்த்ததே இல்லை. டாஸ்மன் எட்டிப் பார்த்தது 1643-ல். மிஷன்களுக்குப் பாதுகாவலர் என்பதால் பிரெஞ்சுக் குருக்கள் போன இடமெல்லாம் அவர் பெயரை வைத்தார்கள்.

ஆனாலும் தூத்துக்குடிப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்யும். மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கோயிலைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறார்கள்.

மார்ச் 6, இன்னும் கொஞ்சம்

அந்தக் கப்பல்கள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிஜிக்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் லியோனிடாஸ், 1879, கல்கத்தாவிலிருந்து. மதராஸிலிருந்து ஆள் எடுத்தது 1903-லிருந்துதான். 1916-ல் நிறுத்தும் வரை வந்தவர்கள் மொத்தம் 60,000 பேருக்கு மேல், அதில் ஏறக்குறைய கால்வாசி தென்னாட்டவர். தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர், மதராஸி. 1926-ல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. ராக்கிராக்கியிலேயே பெனாங் சங்கம் பள்ளி உண்டு. பெனாங் என்றதும் மலேசியா என்று நினைக்க வேண்டாம், அங்கிருந்த சர்க்கரை ஆலையின் பெயர் அது.

தமிழ் வீட்டுப் பேச்சிலிருந்து அநேகமாகப் போய்விட்டது. பேசுவது பிஜி இந்தி. முருகன் கோயில், தீமிதி, கரகம் எல்லாம் இருக்கின்றன.

மார்ச் 9

நேரம் கிடைத்தது, மாட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கூட வந்த வண்டிக்காரர் அறுபதைத் தாண்டியவர். தாத்தா மதராஸ் கப்பல். தமிழில் அவருக்கு வருவது சாப்பாட்டுப் பெயர்களும் திட்டுகளும். கோயில் பக்கமே வராதவர், அன்றைக்கு மழை தூறியதால் உள்ளே வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, நடுப்பாதையில் பாதி தூரம் போய் நின்றார். இயேசுவை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இந்தியில் சொன்னார்: "மாடு வைத்திருக்கிறான், சரி. நிலம் யாருடையது?"

நான் சுவரில் அழகைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதில் குத்தகைப் பத்திரத்தைத் தேடினார்.

இதைப் புரிந்துகொள்ள ரா மாகாணக் கரும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கூலி ஒப்பந்தம் ஒழிந்தபின், ஆலைகளை வைத்திருந்த ஆஸ்திரேலிய சி.எஸ்.ஆர். கம்பெனி பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு இந்தியக் குடும்பங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. ஒரு குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் கணக்கு. ஒரு ஜோடி மாடும் வீட்டாரின் உழைப்பும் சமாளிக்கிற அளவு அதுதான். நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடிக் குலங்களுக்குப் பொதுச் சொத்து, விற்க முடியாது, குத்தகைக்கு மட்டும் விடலாம். 1976 சட்டம் குத்தகைக்குக் குறைந்தது 30 வருஷம் என்றது. அந்த முப்பதுகள் 1997-லிருந்து ஒவ்வொன்றாக முடிய ஆரம்பித்தன. புதுப்பித்தவர்கள் உண்டு. வீட்டைப் பிரித்து மரத்தையும் தகரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு நவுசோரி, சுவா பக்கம் குடிசைப் பகுதிகளுக்குப் போனவர்களும் உண்டு. வண்டிக்காரர் குடும்பத்துக் குத்தகையும் அப்படி முடிந்ததுதான். அதற்கப்புறம்தான் வண்டி ஓட்ட வந்தார். நிலம் கொடுத்தவர்கள் மேல் அவருக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். "அவர்கள் நிலம், அவர்கள் கேட்டார்கள்" என்று முடித்துக்கொண்டார். கோபமெல்லாம் ஒரு தரகர் மேல்தான்.

சரி, சுவருக்கு வாருங்கள். பிஜியர்கள் கையில் இருப்பது தம்புவா, பாய். இரண்டும் சந்தையில் வாங்கித் தின்கிற பொருள் இல்லை, ஒரு குலம் இன்னொரு குலத்துக்குக் கொடுக்கிற மரியாதை. இந்தியர் பக்கம் ஒரு மாலை, அப்புறம் ஏர் மாடு. மாலை பக்தி. மாடு வேலை. படம் முழுக்க உழைப்பு என்று ஒன்று தெரிகிற இடம் அந்த மாடுகள்தான். ஷார்லோ தெரிந்து செய்தாரா தற்செயலா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. 1962-ல் ராவில் ஒரு இந்தியனிடம் "உன்னுடையது என்று எதைக் கொண்டுவருவாய்" என்று கேட்டால், அவன் ஓட்டிக்கொண்டு வரக்கூடியது மாட்டைத்தான். நிலத்தைக் கொண்டுவர முடியாது.

முதல் கேள்விக்கு இதுதான் என் பதில். விளம்பரம் செய்கிறவன் எல்லோர் கையிலும் பூவைக் கொடுத்திருப்பான்.

மார்ச் 10

"மிஷனரியை அடித்துச் சாப்பிட்ட ஊர்தானே, பூட்ஸைக்கூட வேகவைத்தார்களாமே" என்று ஒருவர்.

அது மெதடிஸ்ட் பாதிரியார் தாமஸ் பேக்கர், 1867 ஜூலை, உள்மலையில் நபுதவுதவு கிராமம். அவர் செருப்பின் அடித்தோல் சுவா மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது, பார்த்திருக்கிறேன். தலைவரின் தலையிலிருந்து சீப்பை எடுத்தார், அதனால் கொன்றார்கள் என்பது சுற்றுலா பஸ்ஸில் சொல்கிற கதை. அந்த மலைக்குலங்களுக்குப் புது மதம் என்றால் கடற்கரைப் பாவுவின் தலைவர் தாக்கொம்பாவுக்கு அடங்குவது என்று அர்த்தம். 1854-ல் தாக்கொம்பாவே மதம் மாறியபின் வேதமும் அவர் ஆட்சியும் சேர்ந்தேதான் மலை ஏறின. பேக்கரைக் கொல்லச் சொல்லி ஊர் ஊராகப் போனது ஒரு தம்புவா. 2003-ல் கிராமத்தார் பேக்கரின் வம்சத்தாரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டபோது கொடுத்ததும் தம்புவாக்கள்தான். கொலைக்கும் அதுதான், மன்னிப்புக்கும் அதுதான். நைசெரேலாங்கிச் சுவரில் அந்தப் பல்லைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ராக்கிராக்கிக்கு என்று தனிப் பெருமை வேண்டுமானால் உத்ரெ உத்ரெ என்ற பழைய தலைவர் இருக்கிறார். தின்ற ஆளுக்கு ஒரு கல் வீதம் வைத்தார், 1849-ல் ரிச்சர்ட் லித் என்ற மிஷனரி எண்ணிப் பார்த்தபோது 872 கல். கல்லறை மெயின் ரோட்டோரம்.

இதோடு நரமாமிசப் பேச்சை நிறுத்துவோம், இழை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

மார்ச் 14

கொத்து வேலை தெரிந்த ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: "கடற்கரை ஈரத்தில் அறுபது வருஷமாகச் சுவரோவியம் எப்படி நிற்கிறது? எனாமலா?"

எனாமல் என்றால் என்றைக்கோ உரிந்திருக்கும். இது ஈரச் சாந்தில் தீட்டியது. நீர்த்த சுண்ணாம்பும் மணலும் கலந்து முரட்டுப் பூச்சு ஒன்று, அது இறுகியதும் மேலே மெல்லிய பூச்சு. மெல்லிய பூச்சை அன்றைக்குத் தீட்ட முடிகிற அளவுக்கு மட்டும்தான் போட வேண்டும். ஈரம் இருக்கும்போதே, தண்ணீரில் மட்டும் கரைத்த நிறத்தை வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகும்போது நிறமும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. பசை கிடையாது, முட்டை கிடையாது, எண்ணெய் கிடையாது. உரிவதற்குத் தனியாகப் படலம் என்று ஒன்றே இல்லை, நிறம்தான் சுவர்.

இதனால் இரண்டு கட்டாயம். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குகிற நிறங்களைத்தான் எடுக்கலாம்: காவி, மஞ்சள் மண், கரி, இரும்புச் சிவப்பு. பிஜியின் மாசித் துணிக்கும் கரியும் செம்மண்ணும்தான் நிறம். அதனால்தானோ என்னவோ அந்தச் சுவரில் மாசி ஒட்டவைத்த மாதிரி தெரிவதில்லை. இரண்டாவது, தப்பு செய்தால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். துடைக்க வழியில்லை.

பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம் சுவரில் சாய்ந்து விழும் நேரத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை சேர்ந்த இடத்தில் மயிரிழை போலக் கோடு ஓடும். பெரும்பாலும் உருவங்களின் ஓரத்தை ஒட்டியே போகும். ஓவியன் நாளுக்கு எவ்வளவு முடித்தான் என்பதைச் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். நான் அதைத் தேடிக்கொண்டு கழுத்து வலிக்க நின்றேன். அங்கே பெருக்க வந்த அம்மா, சுவர் விழுந்துவிடும் என்று நான் பயப்படுவதாக நினைத்து, "உறுதியாகத்தான் இருக்கிறது" என்றார்.

மார்ச் 15

மேலே எழுதியதற்கு ஒரு பதில்: "காரைக்குடி வீட்டுச் சுவருக்கு முட்டை போடுவார்களே, இதற்கு ஏன் கூடாது?"

அது வழவழப்புக்கும் பளபளப்புக்கும். இது வேறு. அடுத்து யாராவது கடுக்காய் கேட்பதற்குள் ஓடிவிடுகிறேன்.

மார்ச் 21

ஒரு வாரம் யோசித்ததில் நான் மார்ச் 9-ல் எழுதியதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று படுகிறது.

ஆக்லாந்திலிருந்து ஒருவர் (1987 ராணுவக் கலகத்துக்குப் பின் குடும்பத்தோடு பிஜியை விட்டுப் போனவர்) எழுதியிருந்தார்: "இரண்டு இனமும் இயேசு முன்னால் சமமாக நிற்கிற படம் எனக்குப் பொய்யாகத் தெரிகிறது. அதே தேசத்தில்தான் எங்களைத் துரத்தினார்கள்." அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் படம் தீட்டிய வருஷத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். 1960-ல் கரும்பு விவசாயிகளுக்கும் சி.எஸ்.ஆருக்கும் பெரிய தகராறு நடந்து ஓய்ந்திருந்தது. 1966 கணக்கெடுப்பில் இந்தியர் பாதிக்குச் சற்று மேல், பூர்வகுடியினர் நாற்பது சொச்சம் சதவீதம். எண்ணிக்கையைப் பற்றிய பயம் எல்லார் வாயிலும் இருந்த காலம். பள்ளிகள் தனித்தனி, சட்டசபைத் தொகுதிகள்கூட இனவாரி. அப்போது இரண்டு பக்கத்தையும் ஒரே சுவரில் நிறுத்துவது, நடந்ததை வரைந்தது ஆகாது. ஆகவேண்டியதை வரைந்தது என்று சொல்லலாம். அது பொய்யா? எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை. ஒரு நாள் ஆம் என்று தோன்றுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிஜி இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் மிகக் கொஞ்சம். பெரும்பாலோர் இந்துக்கள், அடுத்து முஸ்லிம்கள். மிஷன் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவார்கள், பூசைக்கு வரமாட்டார்கள். மாலையோடு நிற்கும் பெண் அந்தக் கோயிலின் வழக்கமான பெஞ்சுக்காரி இல்லை. அப்படியானால் கோயிலுக்கு வராதவர்களைச் சுவரில் நிரந்தரமாக நிற்க வைத்துவிட்டார்கள். இதை ஆசை என்றும் சொல்லலாம், அதிகப்பிரசங்கித்தனம் என்றும் சொல்லலாம். முதல் கேள்வி கேட்டவருக்கு இந்த ஒரு இடத்தில் பாதி மதிப்பெண் தருகிறேன்.

ஆனால் அந்தக் காலத்துப் பூசை எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். லத்தீன் பூசை. சாமியார் மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்து நிற்பார். அதாவது வெள்ளைக்காரச் சாமியார் ஒவ்வொரு காலையும் கும்பிட்டு நின்றது ஒரு கறுத்த மனிதனுக்கு எதிரே. அந்த மனிதனின் காலடியில் யங்கோனாக் கிண்ணம். பிஜியில் தனோவாவைத் தலைவரைப் பார்த்து வைப்பார்கள், முதல் சிரட்டை அவருக்குத்தான். அதைச் சிலுவையடியில் வைத்தால் இங்கே தலைவர் யார் என்பதற்குப் பிஜிக்காரனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பக்கத்து ஊர் மெதடிஸ்ட் பாட்டிக்கும் புரியும். 1962-ல் இன்னும் பிரிட்டிஷ் ஆட்சி. கவர்னர், ஆயர், ஆலை மேனேஜர் எல்லோரும் வெள்ளையர். அப்படிப்பட்ட ஊரில் இந்தப் படத்துக்கு ஒரு சாமியார் சரி என்று சொன்னது சின்ன விஷயமாக எனக்குப் படவில்லை.

ஆக்லாந்து நண்பருக்கு: மாட்டுக்காரன் சமமாக நிற்கவில்லை என்பதுதான் என் வாதமே. திரும்பப் பாருங்கள்.

மார்ச் 22

அவர் பதில்: "மாட்டைப் பார்த்தேன். எங்கள் அப்பாவிடம் இருந்தது போலவே." அவ்வளவுதான் எழுதினார். விவாதம் நீளும் என்று நினைத்தேன்.

மார்ச் 28

"வேறு பழைய சர்ச்சுகள் உண்டா?" நிறைய. லெவுக்காவில் 1858-ல் தொடங்கிய திரு இருதய ஆலயம், அதன் கடிகாரம் மணி அடித்துவிட்டு ஒரு நிமிஷம் கழித்து மறுபடி அதே மணியை அடிக்கும். முதல் தடவை கேட்காதவர்களுக்காக என்று நான் வைத்துக்கொண்டேன். தவெயுனித் தீவில் வைரிகி. ரேவா ஆற்று முகத்தில் நைலிலிலி, வெள்ளம் அடிக்கடி எட்டிப் பார்க்கும் கட்டடம். கத்தோலிக்கக் குருக்கள் பிஜிக்கு வந்தது 1844-ல், மெதடிஸ்ட்கள் ஒன்பது வருஷம் முந்திக்கொண்டார்கள். அதனால் கத்தோலிக்கக் கோயில்கள் பலவும் கொஞ்சம் ஒதுக்குப்புறமாக அமைந்தன. நைசெரேலாங்கியும் ஒதுக்குப்புறம்தான்.

ஏப்ரல் 2

வின்ஸ்டன் புயல் பற்றிக் கேட்டவருக்கு.

2016 பிப்ரவரி 20. ஐந்தாம் வகைப் புயல், விட்டி லெவுவில் கரை தொட்டதே ரா மாகாணத்தில். நாடு முழுக்க 44 பேர் இறந்தார்கள். அடுத்த வாரம் நான் ராக்கிராக்கிப் பக்கம் போனபோது மலைகள் பழுப்பாக இருந்தன. தீப்பிடித்ததோ என்று நினைத்தேன். இலை என்று ஒன்று மிச்சம் இல்லை, அதுதான். தகரக் கூரைகள் தென்னையில் சுற்றிக்கொண்டு கிடந்தன. பெனாங் ஆலை அந்த அடியோடு மூடியது, திறக்கவே இல்லை. அதன்பின் ராவின் கரும்பு லாரியில் பா நகரத்து ராராவாய் ஆலைக்குப் போனது. லாரி வாடகை விவசாயி தலையில் விழுமா அரசாங்கம் கொடுக்குமா என்று ஒவ்வொரு அரவைப் பருவத்திலும் சண்டை.

ஓவியம் இருக்கிறது. ஆலை இல்லை, வயலில் ஏர் மாடும் குறைந்துவிட்டது, டிராக்டர்தான்.

வண்டிக்காரரின் குத்தகை முன்பே முடிந்தது நல்லதாகப் போயிற்று என்று அவரே புயலுக்கப்புறம் சொன்னார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 7

போகிறவர்கள் விவரம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பலகையில் ஊர்ப் பெயரின் எழுத்து வேறு, பேச்சில் உச்சரிப்பு வேறு. இரண்டும் தெரியாமல் கேட்டால் பஸ் கண்டக்டர் முழிப்பார். "நைசெரேலாங்கி, கத்தோலிக்க மிஷன்" என்றால் புரியும். குன்றின் மேல் பள்ளிக்கூடம் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே கோயில். கிங்ஸ் ரோட்டில் இறங்கி மேலே நடக்க வேண்டும். ஏறியதும் விட்டி லெவு விரிகுடா கீழே தெரியும். அதற்காகவே சிலர் போகிறார்கள், தப்பில்லை.

முழங்கால் மூடுகிற உடை. தொப்பியைக் கழற்றுங்கள். பூட்டியிருந்தால் பள்ளியில் யாரையாவது கேளுங்கள், பிள்ளைகளே கூட்டிக்கொண்டு போவார்கள். உண்டியலில் ஏதாவது போடுங்கள். கோயிலுக்குள் மட்டும் போகிறவர்களுக்கு யங்கோனாக் கட்டு தேவையில்லை. கிராமத்துக்குள்ளும் போவதாக இருந்தால் ராக்கிராக்கி மார்க்கெட்டில் வேர்க்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய்த் தலைவர் வீட்டில் முதலில் வைத்துவிட வேண்டும், அதுதான் முறை. பொடி பாக்கெட்டும் கிடைக்கும், ஆனால் பெரியவர்கள் முன்னால் வேராக வைப்பதுதான் மரியாதை.

ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். சுவருக்குக் கெடுதலோ இல்லையோ, வெளிச்சம் பட்டுத் திரும்பிப் படம் வெளுத்துப்போகும்.

ஞாயிறு பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் போய் வர வண்டியைச் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். பிஜியில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ரொம்பக் குறைவு, ரோட்டோரத்தில் நின்றே பொழுது போய்விடும்.